மூன்றாம் மாடி மெஷின் இழுக்கவில்லை

உலகத்தில் தூசி என்ற ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது என்றால், சித்தி அந்தப் பக்கம் போகவில்லை என்று அர்த்தம். பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டால் ஒரே வாரத்தில் அடித்தரையைக் காட்டிவிடுவாள். புயலேகூட அவள் வேலை செய்யும் ஹோட்டலுக்குள் காலைத் துடைத்துவிட்டுத்தான் வரும். இதையெல்லாம் வேறு யாரும் சொல்லவில்லை. சித்தியே சொன்னது.

ஹோட்டலின் மூன்றாம் மாடி அவள் ராஜ்ஜியம். யாராவது பெரிய மனிதர் வந்தால் மேனேஜர் அந்த மாடி நடையைத்தான் பெருமையாகக் காட்டுவார். நாலாம் மாடிக்குக் குதிரைவால் வேலைக்கு வந்து சேரும்வரை.

குதிரைவால் என்பது சித்தி வைத்த பெயர். தூக்கிக் கட்டிய முடி, சுருக்கமில்லாத சீருடை, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. "சிரிக்கிறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?" என்று சித்தி பல்லைக் கடிப்பாள். ஒருநாள் மேனேஜர் நாலாம் மாடியைப் பார்த்துவிட்டு, "இது கார்ப்பெட்டா, புல்வெளியா!" என்று வாயைப் பிளந்தார். அன்றிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். கீழே உள்ள பெரிய ஹாலை இனி ஒரே ஆள் பார்த்துக்கொள்ளட்டும். யார் மாடி நடை பளிச்சென்று இருக்கிறதோ அவருக்கே ஹால்.

அவர் பார்வையிட வருகிற காலையில் சித்தி சீக்கிரமே வந்தாள். தன் வாக்குவம் க்ளீனரைக் குதிரைவால் தொட்டுவிடக் கூடாதே என்று, ஹோஸின் கைப்பிடியில் சிவப்பு ரிப்பனைச் சுற்றி முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டாள். பிறகு சுவிட்சைத் தட்டினாள்.

விமானம் கிளம்புகிற சத்தம். இழுவை மட்டும் இல்லை. கார்ப்பெட்டில் கிடந்த ஒரு நூல் துண்டு அசையாமல் சித்தியையே பார்த்தது.

"அவ வேலைதான். வேற யாரு?"

பையைக் கழற்றினாள், பாதிகூட நிரம்பவில்லை. ஃபில்டரைத் தட்டினாள், ஏற்கெனவே சுத்தம். பிரஷ் உருளையில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது. 'மாட்டினாளா!' என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நரைமுடி. அவளுடையதேதான். ஹோஸைத் தூக்கி ஜன்னலை நோக்கிப் பார்த்தாள். அந்த முனையில் வானம் வட்டமாகத் தெரிந்தது. அடைப்பும் இல்லை.

குதிரைவால் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து சித்தி நாலாம் மாடி சாமான் அறைக்குள் நுழைந்தாள். இரண்டு மெஷினும் ஒரே மாதிரி. ரிப்பன் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தன் ஹோஸைத் தானே வைத்துக்கொண்டு, அடிப்பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு, பூனை மாதிரி நழுவினாள்.

அதுவும் இழுக்கவில்லை.

சித்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"அக்கா, உங்க மெஷின் ஏன் என் மெஷின் மாதிரியே கத்துது?"

"எல்லா மெஷினும்தான் கத்தும்."

"பின்சக்கரம் கிறீச்சுங்கிறது என்னோடது மட்டும்தான்க்கா. இப்ப என்கிட்ட இருக்கிறது சத்தமே போடல."

குதிரைவால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இழுக்கலையா?"

"இழுக்குது. என்ன, கொஞ்சம் சோம்பேறித்தனமா இழுக்குது."

குதிரைவால் ஹோஸைக் கழற்றிவிட்டு மெஷினின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று பிடித்துக்கொண்டது. "இங்க நல்லாத்தான் இருக்கு. அப்ப ஹோஸ்லதான் எங்கயோ காத்து போகுது." விரல்கள் ரிப்பன் அடியில் தடவின. "இதோ! திரைச்சீலைக்கு இழுவையைக் குறைக்கிறதுக்குக் கைப்பிடியில ஒரு தள்ளுமூடி இருக்குல்ல? உங்க முடிச்சு அதைத் திறந்தே பிடிச்சு வச்சிருக்கு. ரிப்பன் எதுக்குக்கா?"

"அழகுக்கு."

முடிச்சை அவிழ்த்து மூடியைத் தள்ளி ஹோஸை மாட்டியதும் நூல் துண்டு விருட்டென்று உள்ளே போனது. குதிரைவால் அடிப்பாகங்களை மாற்றிக்கொண்டு, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் சித்திக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இனி அவள் நல்லவளாகவும் இருக்கிறாளே என்று வேறு தனியாக வயிறெரிய வேண்டும்.

மேனேஜர் வந்தபோது மூன்றாம் மாடியில் பாதிகூட முடியவில்லை. ஹால் குதிரைவாலுக்குப் போனது. "முழங்கால் வலி, நான்தான் விட்டுக்குடுத்தேன்" என்று சித்தி வீட்டில் சொன்னாள். வீடே நம்பியது.

இந்தக் கதையை இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்த அக்கா மகளின் தோளுக்குப் பின்னால் சித்தி நின்றுகொண்டிருந்தாள். முழுக்கப் படித்துவிட்டாள்.

"ரிப்பன் விஷயம் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். உனக்கு யாருடி சொன்னா?"

அக்கா மகள் நோட்டை மூடினாள்.

"அவ வீட்டுக்குப் போனியா?"

"அவங்க சைக்கிள்ல காத்தைப் பிடுங்கி விடத்தான் போனேன் சித்தி. உனக்காகத்தான். சத்தியமா."

"பிடுங்கினியா?"

"இல்ல... உள்ள கூப்பிட்டு டீ குடுத்துட்டாங்க."

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என் டீயை விடவா நல்லா இருந்துச்சு?"