பின்கட்டைக் காலி செய்தேன்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் எட்டு வருடம் குடியிருந்தவர்கள் கஸ்தூரியும் அவள் கணவரும். பக்கத்துத் தெருவில் கல்யாண மண்டபம் வந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் நிறைய கிடைக்குமே என்று அவர்களைக் காலி செய்யச் சொன்னேன். என் கணவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

"நாங்க எதுனா தப்பு பண்ணிட்டோமாக்கா?" என்று மட்டும் கஸ்தூரி கேட்டாள். விழுப்புரத்துக்குக் குடிபோனார்கள்.

தை மாதமும் வைகாசியும் பின்கட்டில் ஜனம் நிரம்பி வழிந்தது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் பூட்டிவிட்டேன். அந்தச் சமயம் பக்கத்தில் பிரம்மதேசம் கிராமத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள், மறுநாள் மத்தியானம்தான் திரும்பினேன்.

குளியலறையில் கணவர் விழுந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. கையில் சொம்பு. பின்கட்டை ஒட்டிய சுவரில் அந்தச் சொம்பால் தட்டித் தட்டிக் காரை பெயர்ந்திருந்தது.

"நேத்தே இட்டாந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா" என்றார் டாக்டர்.

விஷயம் கேள்விப்பட்டு கஸ்தூரி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். "நாங்க இருந்திருந்தா சத்தம் கேட்டிருக்குமேக்கா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது பின்கட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருக்கிறேன். அவர்களாகப் போகிறவரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நானும் வெளியூர் போய்த் தங்குவதில்லை. அவருக்குப் பேச்சு திரும்பவே இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டக்கூட அவரால் முடியவில்லை.

— ஒரு வாசகி, திண்டிவனம்