முன்திரையை வெட்டிய தையலக்கா

மேடைக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் இருந்தது தையலக்காவின் அறை. அந்த இசை நாடக அரங்கில் பழைய துணி எதையும் அவள் குப்பைக்கு அனுப்பியதில்லை. ராஜாவின் அங்கி கிழிந்தால் சிப்பாய்க்குச் சட்டை. அதுவும் நைந்தால் நரிக்கு வால். வாய்க்கும் கத்தரிக்கோலுக்கும் ஒரே வேகம். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அங்கே கிடையாது.

இந்த முறை ராணி வேஷம் அவள் நாத்தனாருக்குக் கிடைத்திருந்தது. காலமெல்லாம் பின்வரிசையில் நின்று கோரஸ் பாடியவளுக்கு இப்போதுதான் விடிந்தது. ஆனால் மேனேஜர் வாடகைக்கு எடுத்து வந்த கவுனில் முதுகுக் கொக்கி மாட்டவில்லை.

"உடம்பைக் குறைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார் மேனேஜர் தையலக்காவிடம்.

நாத்தனார் தையல் அறைக்கு வந்து மூக்கை உறிஞ்சினாள். "விடுங்க அண்ணி, எனக்குக் கொடுத்து வைக்கல."

தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்குடி அழற? உடம்புக்குத்தான் துணி. துணிக்காக உடம்பைச் செதுக்கவா முடியும்? நிமிர்ந்து நின்னு அந்தக் கடைசிப் பாட்டைப் பாடு!"

அவள் அளவெடுப்பதே அப்படித்தான். பாடகர்களைச் சும்மா நிற்க வைத்து அளக்க மாட்டாள். மூச்சை இழுத்துப் பாடும்போது விலா எவ்வளவு விரிகிறதோ, அதுதான் கணக்கு. நாத்தனார் பாடப் பாட, டேப் விரலுக்கடியில் நழுவிக்கொண்டே போனது.

"பாத்தியா, இவ்வளவு காத்து வேணும் உனக்கு. இதைப் போய்க் குறைக்கணுமாம்!"

ஓரமாக மடித்து வைத்திருந்த சிவப்புத் திரையை, பழையதுதானே என்று இழுத்துப் போட்டு, அதே ஆத்திரத்தோடு வெட்டித் தைத்தாள்.

நாடகத்தன்று சாயங்காலம் மேனேஜர் அலறிக்கொண்டு வந்தார். "சலவைக்குப் போய் வந்து உங்க ரூம்ல வச்ச முன்திரையில ஒரு பாதியைக் காணோம்!"

தையலக்கா மூலையைப் பார்த்தாள். பூச்சி அரித்த பழைய திரை அங்கேயே பத்திரமாக இருந்தது. ஐயையோ! இரண்டும் சிவப்பு, கோபத்தில் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

நாத்தனார் மேல் இருந்த கவுனைப் பார்த்ததும் மேனேஜருக்கும் விளங்கிவிட்டது. "பிரிங்க அதை! உடனே தைச்சு மாட்டுங்க!"

"தப்பு என்னுதுதான். உங்களுக்கு வேற திரை தைச்சுத் தரேன். ஆனா இதுல ஒரு நூலைப் பிரிக்க மாட்டேன்." கத்தரிக்கோலோடு வாசலை மறித்து நின்றாள். "நீங்க இல்ல, உங்க தாத்தாவே வந்தாலும் சரி."

"திரையில்லாம எப்படிங்க ஆரம்பிக்கிறது?"

"ஜனங்க உள்ள வர்றப்பவே ராணி மேடையில நிக்கட்டும். இவ என்ன ஒளிச்சு வைக்க வேண்டிய ஆளா?"

வேறு வழியில்லை. திரையில்லாத மேடையில் நாத்தனார் தன்னந்தனியாக நின்றாள். கூட்டம் வந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியது. கடைசிப் பாட்டில் அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். ஒரு தையல்கூட விடவில்லை.

பக்கவாட்டில் மேனேஜர் கையைப் பிசைந்தார். "திரை எங்கன்னு முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?"

தையலக்கா மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நடுவுல நின்னு பாடிக்கிட்டிருக்குன்னு சொல்லுங்க."