பாலமுனையில் நெல்லுக்குக் காவல்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குத் தனியாகச் சைக்கிள் ஓட்டிச் செல்கிறேன். சராசரி வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இன்றைய சபதம். பாலமுனையில் தார் வீதியின் பாதியில் நெல் காய்கிறது, மறுபாதியில் லொறி வருகிறது. என் மெல்லிய டயர் நெல்லில் வழுக்கிவிடும் என்று பயந்து இறங்குகிறேன்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறும் விவசாயி, என் இறுக்கமான உடுப்பை மேலும் கீழும் பார்க்கிறார்.

"எங்க தம்பி போறீங்க?"

"பொத்துவிலுக்கு, காக்கா," என்கிறேன், அண்ணனை இந்தப் பக்கத்தில் அழைக்கும் முறையில்.

"அங்க என்ன அலுவல்?"

"ஒண்டும் இல்ல. போய்ச் சேர்றதுதான்."

"சொந்தக்காரர் ஆரும் இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப அலுவல் ஒண்டும் இல்ல." அவர் முகம் மலர்கிறது. "லுஹருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. தொழுதிட்டு வாறன். மாடு வந்தா விரட்டுங்க."

என் பதிலுக்குக் காத்திராமல் பள்ளிவாசலை நோக்கி நடக்கிறார்.

ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கையுறை சகிதம் இரண்டு பசுக்களையும் ஒரு பிடிவாதக் கோழியையும் துரத்துகிறேன். வியர்வை வழிகிறது. போனில் உள்ள செயலி, நான் ஓய்வெடுப்பதாகச் சொல்கிறது.

அரைமணி நேரத்தில் தொப்பியுடன் திரும்பி வருகிறார். நெல்லைப் பார்க்கிறார், முகத்தில் திருப்தி. நான் அவசரமாகச் சைக்கிளை நிமிர்த்துகிறேன்.

"என்ன தம்பி அவசரம்? ஊட்டுக்கு வந்து சோறு திண்டுட்டு இரிங்க," என்று என் கையைப் பிடிக்கிறார். "பின்னேரம் அசர் தொழுகைக்கும் நான் போகணுமே."