கம்பளம் எங்கே கிடக்க வேண்டும்?

சென்ற வாரம் எங்கள் வீட்டில் ஒரு கம்பளத்தை எங்கே விரிப்பது என்பதில் பெரிய வாக்குவாதம் நடந்தது. சிறிய விடயந்தானே என்று நினைக்கிறீர்களா? என் ராத்தாவின், அதாவது அக்காவின், கலியாணமே அதன்மேல் நின்றது. இதை அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழக விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின்னர் மாப்பிள்ளை வீட்டார் ராத்தாவைப் பார்க்க வருவதாக இருந்தது. ராத்தாவை மட்டுமா பார்ப்பார்கள்? எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அதில் குடியிருப்பார். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் பாதி சுவரிலும் கூரையிலும் இருக்கும். முன்னர் வந்த ஒரு குடும்பத்தார் ராத்தாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. மேல்மாடி கட்டவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்தமுறை உம்மாவின் கவலை மேல்மாடி அல்ல... தரை. ராத்தாவுக்குக் கொடுக்கப்போகிற எங்கள் வீடு வயலை நிரப்பிக் கட்டிய வீடு. மண் மெல்ல இறங்கியதில் முன் ஹோலின் சிவப்புச் சீமெந்துத் தரையில், ஜன்னலடியில் தொடங்கிச் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. எங்களுக்கு அது பழகிவிட்டது. வருகிறவர்களுக்கு?

உம்மா ஒரு நூலை எடுத்தார். வெடிப்பின் நுனியிலிருந்து நுனிவரை பிடித்து, முடிச்சுப் போட்டு, அந்த நூலோடு கல்முனை பஸாருக்குப் போனார். உலகம் முழுவதும் கம்பளம் வாங்க அறையை அளப்பார்கள். என் உம்மா வெடிப்பை அளந்தார்!

கம்பளம் அழகானதுதான் – இளம் பழுப்பு நிறம், கரும்பச்சைக் கரை. ஆனால் அது விரிக்கப்பட்ட கோலத்தைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. மெத்தை வைத்த நீண்ட செற்றியும் நாற்காலிகளும் ஒரு சுவரோரம். கம்பளம் எதிர்ச் சுவரோரம், ஜன்னலடியில், கோணலாக.

"உம்மா, செற்றியும் காப்பெட்டும் கோவிச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் கெடக்கிற மாதிரி இரிக்கி."

"கெடக்கட்டும். உன்ட கம்பஸ் படிப்ப அங்கால வெச்சிட்டு வா. வாறவங்க வெடிப்பக் கண்டா உன்ட ராத்தாட கதி என்ன?"

"இப்பிடிக் கெடந்தாத்தான் உம்மா காணுவாங்க. ஏன் அங்க கெடக்கு எண்டு யாரும் யோசிக்க மாட்டாங்களா?"

வாப்பா தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து வந்து வாசலில் நின்றார். இருவரும் அவரிடம் தீர்ப்புக் கேட்டோம்.

"நான் செருப்ப எங்க கழட்டணும் எண்டத மட்டும் சொல்லுங்க" என்றார். எங்கள் வீட்டில் இன்னும் சமாதானம் நிலவுவதற்கு அவருடைய இந்த நிதானமே காரணம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரவேற்பறைக் கம்பளத்துக்கு ஒழுங்கு உண்டு. அது சிக்கலானதும் அல்ல. தொழுகை விரிப்பான முஸல்லாவுக்குத் திசை உண்டு – கிப்லாவை நோக்கி விரிக்கிறோம். வரவேற்பறைக் கம்பளத்தின் திசையைத் தீர்மானிப்பவை இருக்கைகள். செற்றியின் முன்னங்கால்கள் இரண்டும் கம்பளத்தின் மேல் நிற்க வேண்டும். பின்னங்கால்கள் தரையில் நிற்கலாம். கம்பளம் செற்றியைவிட இருபுறமும் சற்று நீண்டிருக்க வேண்டும். சுவருக்கும் கம்பளத்துக்கும் இடையில் தரை ஒரு முழமாவது தெரிய வேண்டும். இல்லையேல் அறை மூச்சுத் திணறும். கதவு திறக்கும்போது கம்பளத்தில் உரசக் கூடாது. சின்னக் கம்பளத்தை எதையும் தொடாமல் அறை நடுவில் தனியாகப் போட்டீர்களா? கடிதத்தில் ஒட்டிய முத்திரைபோல இருக்கும்.

இதெல்லாம் எதற்காக? உட்காருகிறவர்களின் கால்கள் ஒரே விரிப்பில் படும்போதுதான் அந்த இருக்கைகள் ஒரு கூட்டமாகின்றன. கம்பளத்தின் வேலை மனிதர்களைச் சேர்த்து வைப்பது. எங்கள் ஊர்களில் நாம் அதற்கு வேறொரு வேலை கொடுத்திருக்கிறோம் – மறைப்பது. உங்களுக்குத் தெரிந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள்... ஒரு கம்பளம் காரணமில்லாத இடத்தில் கிடக்கிறதென்றால், காரணம் அதன் அடியில் கிடக்கிறது.

மாலையில் ராத்தா வேலையிலிருந்து வந்தார். அவர் ஒரு படவரைஞர். பிறருடைய வீடுகளுக்கு வரைபடம் கீறுவது அவர் தொழில். கைப்பையைக்கூட வைக்காமல் கம்பளத்தைப் பார்த்தார்.

"எடுங்க உம்மா இத."

"ஏன்டி?"

"நாளைக்கு அவர் இஞ்ச இரிக்க வந்தா, ஒருநாளைக்காவது காப்பெட்டத் தூக்கிக் கூட்ட மாட்டாரா? அப்ப கண்டா எனக்கு என்ன மரியாத?"

உம்மாவுக்கு வெடிப்பு மறந்துவிட்டது. "மாப்பிள்ள கூட்டுவாரா?" என்று வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். வாப்பா அவசரமாகக் கைபேசியைப் பார்த்தார்.

"போனமுற வந்தவங்க மாதிரி இவங்களும் போனா?" – உம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "நல்ல இடம் மகள் இது. உனக்கும் புடிச்சிரிக்கி எண்டு எனக்குத் தெரியும்."

ராத்தா கைப்பையைக் கீழே வைத்தார். "புடிச்சிரிக்கிறதாலதான் சொல்றன்" என்றார்.

அதன்பின் கம்பளம் என் பொறுப்பு. செற்றியின் முன்னங்கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தபோது உம்மா கடைசியாக ஒருமுறை எதிர்த்தார் – "புதுக் காப்பெட்டுல செற்றிக் காலா? அமுங்கிருமே!" குளிர்சாதனப் பெட்டிக் கதவின் பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்காத வீடு எங்களுடையது, அந்த வேதனை எனக்குப் புரிந்தது. ஆனாலும் அமுங்கட்டும் என்றேன். அறை உடனே அறையாயிற்று. வெடிப்பும் ஜன்னலடியில் வெளிச்சமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் வந்தார்; கூடவே அவர் மகள். இருவரும் செற்றியில் அமர்ந்து கம்பளத்தில் பாதங்களை வைத்தார்கள். இனிப்புக்கு வட்டிலப்பம் பரிமாறினேன். இரண்டாவது கரண்டியில் அந்த மாமியின் பார்வை ஜன்னலடிக்குப் போய்விட்டது.

"இதென்ன புள்ள, தரையில வெடிப்பு?"

உம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பது வழக்கமில்லை. ஆனால் பதில் சொன்னவர் ராத்தா.

"ஓம் மாமி. வயல் நிரப்பின காணி. மண் இறுகக்குள்ள வெடிச்ச. இப்ப ஓடல்ல."

"ஓடல்ல எண்டு எப்பிடித் தெரியும்?"

"நுனியில பென்சிலால அடையாளம் வெச்சிரிக்கன். ரெண்டு மாரி போயிட்டு. அதத் தாண்டல்ல."

மாமி எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். பென்சில் கோடு இருந்தது. நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தார். "கலியாணத்துக்கு முதல் திருத்தித் தருவீங்கதானே?"

வாப்பா தலையசைக்கப் போனார். ராத்தா முந்திக்கொண்டார்.

"கலியாணத்துக்குப் பொறகு ரெண்டு பேருமாத் திருத்திக்குவம் மாமி. இரிக்கப் போறது அவரும்தானே."



"மகனுக்குச் சீமெந்து குழைக்கத் தெரியாது புள்ள" என்றார் மாமி மெதுவாக. "தேத்தண்ணிக்குச் சீனி போடவே நான் வேணும்."

"அதுக்கென்ன மாமி, பழக்கிருவம்."

மாமி சிரிக்கவில்லை. வந்து அமர்ந்து, மிச்ச வட்டிலப்பத்தை முழுவதும் சாப்பிட்டார். "யோசிச்சுச் சொல்றம்" என்று ஸலாம் சொல்லிப் புறப்பட்டார்.

வாசல் கேற் சாத்திய சத்தம் கேட்டதும் உம்மா செற்றியில் விழுந்தார். "வெடிப்ப மூடுங்க எண்டு சொன்னன். வாயையும் சேத்து மூடச் சொல்லியிரிக்கணும்!"

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ராத்தா வேலைக்குப் போனார், வந்தார். கைபேசியை மட்டும் வழக்கத்தைவிட அருகில் வைத்துக்கொண்டார். நான்? செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சரியாகச் செய்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது இவ்வளவு சிரமம் என்பதை எந்த விதியும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நேற்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பின்னர் உம்மாவின் கைபேசி ஒலித்தது. மறுமுனையில் அந்த மாமி. உம்மா "ஓம்... ஓம்..." என்றார், பின்னர் குழப்பத்தோடு கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ராத்தாவைப் பார்த்தார்.

"சிவப்புத் தரைக்கு வெடிப்பு அடைக்கிறண்டா சீமெந்துல சிவப்புத் தூளும் கலக்கணுமா எண்டு... மகன் கேக்கச் சொன்னாராம்."

ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கலக்கத்தான் வேணும் எண்டு சொல்லுங்க."

நான் இலக்கிய மாணவி. சம்மதத்தை இவ்வளவு நேராகச் சொன்ன ஒரு வாக்கியத்தை என் பாடநூல்களில் இன்னும் சந்திக்கவில்லை.