எனது அறியாமையினால்

மூக்கம்மாளைப் பற்றி வேறு யாராவது எழுதினால் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். நான் உள்ளதை எழுதுகிறேன். அவளைப் போல வன்மம் வைக்கிற பொம்பளையை இந்தத் தென்காசி வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. அந்த வன்மத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதனால் சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு.

என் பெயர் ஜெஸி. தென்காசியில் மனு தட்டச்சு செய்து கொடுக்கிற கடை வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. திங்கட்கிழமை மனு நாள். காலை எட்டு மணிக்கே கடை வாசலில் கூட்டம் நிற்கும். பட்டா வேண்டும், பாதை வேண்டும், புருஷன் அடிக்கிறான் என்று ஆளுக்கொரு கதையோடு வருவார்கள். எல்லாரிடமும் கதை கேட்டுக்கொண்டிருந்தால் என் பிழைப்பு என்னாவது? பழைய மனு ஒன்றைத் திறந்து பெயரையும் ஊரையும் மாற்றி, நடுவில் விஷயத்தைச் செருகிக் கொடுத்துவிடுவேன். 'தாழ்மையுடன்', 'கருணை உள்ளம் கொண்டு', 'எனது அறியாமையினால்' எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும். இப்படிக் குனிந்து எழுதினால்தான் அதிகாரி மனம் இளகும் என்பது என் கணக்கு.

மூக்கம்மாளுக்குப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம். புருஷன் பலவேசம் கொல்லத்துக்கு லாரி ஓட்டப் போய்விடுவான். கன்று நட்டதிலிருந்து காய் பறித்ததுவரை அவள் ஒருத்தி பாடுதான். சந்தையில் அவள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே ஏலம் கேட்பார்களாம். "இது மூக்கம்மா காயாலே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதுமாம். அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

எலுமிச்சையில் ஒரு பழக்கம் உண்டு. கோடையில் கொஞ்ச நாள் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிடுவார்கள். வாடின மரத்துக்கு மறுபடி தண்ணீர் கிடைத்ததும் பூ அப்பிக்கொண்டு வரும். எத்தனை நாள் நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து நாள் கூடிவிட்டால் மரம் போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன் வைகாசியில் அவள் மோட்டாரைப் போடப் போன அன்றைக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியவன் வானிலை ஆய்வு நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிற மணிகண்டபிரபு. படித்த பையன், ஊர் ஊராகப் போய் வாட்ஸ்அப்பில் விவசாயிகள் குழு ஆரம்பித்தவன். 'பத்து நாளில் மழை, அதுவரை தண்ணீர் விடாதீர்கள்' என்றான். பத்து நாள் கழித்து இன்னொரு செய்தி, அதன்பின் இன்னொன்று. சாரல் எட்டிப் பார்க்கவேயில்லை. தோட்டத்தில் பாதிக்கு மேல் பட்டுப்போனது.

நிவாரணம் கேட்டு மனு எழுத என்னிடம்தான் வந்தாள். நானும் அடித்துக் கொடுத்தேன். "ஒருக்கா வாசிச்சுக் காட்டுட்டி" என்றாள். மத்தியானப் பசி எனக்கு. "எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா, கையெழுத்தப் போடுங்க" என்றேன். போட்டாள். ஒரு மாதத்தில் பதில் வந்தது: 'மனுதாரர் தமது அறியாமையினால் நீரை நிறுத்தியதாகத் தாமே ஒப்புக்கொண்டுள்ளதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

ஏசப்பா! பழைய மனுவிலிருந்து நான் எடுக்காமல் விட்ட வார்த்தை அது. ஆனால் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாக ஏன் வாயைத் திறக்க வேண்டும்? அதன்பிறகும் ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம் என்று என் கடைக்கே வந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். சரி, கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். முட்டாள் சிறுக்கி நான்.

போன ஆனியில் ஒரு நாள் வந்து என் கீபோர்டின் மேல் ஒரு தாளை வீசினாள். அவள் மகள் நிவேதா போனில் பார்த்து அச்செடுத்தது. காலநிலை மாற்றத்தைப் பற்றி அடுத்த ஐந்து வருடத்தில் அரசு என்னென்ன ஆராய்ச்சி செய்யலாம் என்று ஒரு திட்ட வரைவு. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், வருகிற ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் தரப்படும் என்று போட்டிருந்தது. நாற்பதாம் பக்கத்தில் ஒரு தலைப்பு: 'விவசாயிகளின் அறியாமை குறித்த ஆய்வு.' அதன் கீழே, புளியங்குடி வட்டாரத்தில் ஒரு பெண் விவசாயி தாமாகவே நீரை நிறுத்தித் தோட்டத்தை அழித்துக்கொண்டதாக உதாரணம். எழுதியவர்கள் பட்டியலில் மணிகண்டபிரபுவின் பெயர்.

"பேரு போடலியேக்கா" என்றேன்.

"போட வேண்டாம்ட்டி. சந்தைக்குள்ள போனா 'மரத்தக் கொன்னவ வாரா'ங்கானுவ. என் காயைப் பிரிச்சு மோந்து பாக்கானுவ. அந்த வரி அழியணும். அழிக்கிறவன் அவனா இருக்கணும்."

அந்த வரைவுக்குக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஏன் வைப்பார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வந்த அதிகாரிகள் பையிலெல்லாம் புதுத் துண்டு. ஆனால் அன்றைக்குப் பார்த்து அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போக இடமில்லாமல் எல்லாரும் சாயங்காலம்வரை உட்கார்ந்து கேட்கும்படி ஆயிற்று. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். தாள் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று மூக்கம்மாள் என்னையும் கூட்டிப் போயிருந்தாள்.

அவள் முறை வந்தது. கண்ணாடி உடைந்த பழைய போனை எடுத்து மைக்கின் முன் பிடித்தாள். மூன்று வருடமாக அந்தப் போனை அவள் யாரையும் தொடவிட்டதில்லை. மணிகண்டபிரபுவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அம்மா, தண்ணிய விட்டுராதீங்க. பத்து நாள்ல மழை கேரன்டி." அடுத்து இரண்டாவது. அடுத்து மூன்றாவது. மூன்றாவது கேரன்டிக்கு மண்டபமே சிரித்தது. மேடையில் அதிகாரிகளோடு இருந்த பிரபுவின் முகம் செத்துப்போயிற்று. நல்லா வேணும்லே உனக்கு என்று நானும் கை தட்டினேன்.

அவன் லேசுப்பட்டவனா? ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான், அவளுடைய பழைய நிவாரண மனுவின் நகல். "அது அப்போ இருந்த கணிப்பு. ஆனா தப்பு தன் மேலதான்னு இந்தம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க. கையெழுத்து இருக்கு."

மூக்கம்மாள் சிரித்தாள். அவன் அந்தத் தாளை எடுக்கட்டும் என்றுதான் அவள் காத்திருந்திருக்கிறாள்.

"கையெழுத்து என்னுதுதான். எழுத்து எவளுதுன்னு கேளுங்க. ஏட்டி ஜெஸி, எந்திரி."

எழுந்தேன். இருநூறு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"வாசிச்சுக் காட்டுன்னு கேட்டேனா இல்லியா?"

"கேட்டிய."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன். மைக்கைப் பிடித்து, பசியைக்கூட விடாமல் சொன்னேன். அந்த வார்த்தையை எல்லா மனுவிலும் போடுவேன் என்றும் சொன்னேன். சென்னையிலிருந்து வந்து தலைமை தாங்கிய அம்மா அதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். நான் பேனாவைத் திறந்ததும் மூக்கம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நான் சொல்லுதேன், எழுது. ஜெஸி ஆகிய நான், எனது அறியாமையினால்..."

எழுதினேன். எழுதி முடித்ததும் அவளைக் கேட்டேன். "மொதல்லயே தெரியுமாக்கா?"

"பதில் வந்த அன்னைக்கே தெரியும். மூணு வருசமா வேற கடையில்லாமலா ஒங்கடைக்கு வந்தேன்? நீயா வாயத் தொறக்கியான்னு பாத்தேன். தொறந்திருந்தா விட்டிருப்பேன்ட்டி."

பிரபுவுக்கு அதன்பின் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நீரை நிறுத்தச் சொன்னது தான்தான், கணிப்புத் தவறியது என்று அவனும் கைப்பட எழுதிக் கொடுத்தான். இறுதித் திட்டத்தில் அந்த உதாரணம் இல்லை. தலைப்பும் மாறிவிட்டது: 'முன்கணிப்பு தவறும்போது பொறுப்பு யாருடையது என்பது குறித்த ஆய்வு.' அந்தப் பக்கத்தை அவள் சந்தைக்குக் கொண்டுபோய் ஆள் ஆளாக வாசிக்கவைத்தாள் என்று கேள்வி.

என்னை அத்தோடு விட்டாளா? நான் எழுதிக் கொடுத்ததற்கு ஒரு நகல் எடுத்து என் கடையிலேயே லேமினேட் போடச் சொன்னாள். போட்டேன். மனு எழுத வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, கம்ப்யூட்டருக்கு மேலே அவளே ஆணி அடித்து மாட்டினாள்.

இப்போது வருகிற ஜனம் அதைப் படித்துவிட்டு, "வாசிச்சுக் காட்டுங்க" என்கிறது. வரி வரியாக வாசிக்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூக்கம்மாள் வருகிறாள். அவளுக்கு எந்த மனுவும் கிடையாது. உள்ளே எட்டிப் பார்த்து, அது மாட்டின இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுகிறாள்.