ஞானப்பூ அக்கா சாப்பிடப் போன வீடு

எந்த வீட்டுக்குப் போனாலும் ஞானப்பூ அக்கா முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். தாகம் இருக்கிறதோ இல்லையோ, கேட்பார்கள். தென்காசித் தெருக்களில் அவர்களோடு பல வருடம் நடந்தவள் நான். ஒரு வீட்டில்கூட அது தவறியதில்லை. சில வீடுகளில் செம்பை நீட்டுவார்கள், சில வீடுகளில் எட்டி நின்று கையில் ஊற்றுவார்கள். எப்படிக் கொடுத்தாலும் ஒரே முகத்தோடு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

அக்கா எங்கள் சபையின் பைபிள் அம்மா. வீடு வீடாகப் போய் வேதம் சொல்வதும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஜெபமும் பாட்டும் கற்றுக்கொடுப்பதும் அவர்கள் வேலை. சொந்த ஊர் சுரண்டை. தனியாக அலையக்கூடாது என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பையைத் தூக்கிக்கொண்டு போவேன், பாட்டு வந்தால் சேர்ந்துகொள்வேன்.

ஐம்பத்தேழாம் வருடம் குற்றாலத்தில் ஆவுடைத்தாய் என்ற அம்மாள் ஞானஸ்நானம் வாங்கினார்கள். அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர்கள், விதவை. அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் காய்ச்சி விற்றுப் பிழைத்தார்கள். தம்பி சங்கரபாண்டி அந்த எண்ணெயைத் தேய்த்துவிடும் ஆள். இரண்டு பேருக்கும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு. அந்தத் தெருவில் சபைக்கு வந்தது அவர்கள் ஒருவர்தான்.

உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துக் கடவுளுக்கென்று தனியாக வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அப்படிச் சேர்ந்த பிடியரிசியைப் புது விசுவாசிக்குக் கொடுத்துத் தாங்கவேண்டும் என்று சபைப் பெரியவர் வேதமுத்து அண்ணாச்சி சொன்னார். எல்லாருக்கும் சந்தோஷம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூட்டையை வண்டியில் ஏற்றி, மேளம் தட்டி, கீர்த்தனை பாடிக்கொண்டே குற்றாலம் போய் அந்த அம்மாள் வாசலில் இறக்கினார்கள். சாரல் நேரம். தெரு முழுக்க ஆள். ஆவுடைத்தாய் அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

வண்டி திரும்புமுன்னே சங்கரபாண்டி ஆரம்பித்துவிட்டார். "ஏ அக்கா, ஒரு மூட்டைக்கா வேதத்துல சேர்ந்த? எங்கிட்டச் சொல்லியிருந்தா பேரம் பேசி ரெண்டா வாங்கித் தந்திருப்பேம்லா!"

தெருவே சிரித்தது.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் சபைக் கோயிலுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. "அரிசியையும் வாங்கிக்கிட்டு ஆளும் வரமாட்டேங்கு" என்று வேதமுத்து அண்ணாச்சி முனகினார். இப்படியே விட்டால் வந்த வழியே போய்விடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். அந்த வியாழக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஆவுடைத்தாய் அம்மாள் அடுப்படியில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் மூட்டை கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

அக்கா தண்ணீர் கேட்டார்கள். குடித்துவிட்டு, "அக்கா, பசிக்கு. என்ன வச்சிருக்கீங்க?" என்றார்கள்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பழைய கஞ்சிதான் கெடக்கு. அதையா குடிப்பீங்க?"

"துவையல் இருந்தா இவளும் குடிப்பா" என்று அக்கா என்னைக் காட்டினார்கள்.

அப்போதுதான் சங்கரபாண்டி வாசலில் தலையை நீட்டினார். "என்ன பைபிள் அம்மா, ரெண்டாவது மூட்டை எங்க?"

"இல்ல அண்ணாச்சி. இன்னைக்கு வாங்கித் திங்க வந்திருக்கோம்."

அவர் கஞ்சிச் சட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "எக்கா, நல்ல ஊறுகாயா எடுத்துக் குடு. நம்மளைக் கஞ்சப்பயலுகன்னு சொல்லிரப் போறாங்க."

ஆவுடைத்தாய் அம்மாளும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. "நான் கேக்காத அரிசிம்மா அது" என்றார்கள். "தெரியும்க்கா" என்று அக்கா கஞ்சியைக் குடித்தார்கள்.

மூட்டையைத் திருப்பி எடுக்கும்படி அக்கா சொன்னபோது வேதமுத்து அண்ணாச்சிக்குக் கோபம். "குடுத்தது தப்பா, ஞானப்பூ?"

"ஞானஸ்நானத்துக்கு வண்டி கட்டிப் போனோம், அரிசிக்கு வண்டி கட்டிப் போனோம். அந்த வீட்டுல ஒரு நாளாவது போய் உக்காந்தோமா அண்ணாச்சி?"

மறுநாள் விடிவதற்கு முன், அண்ணாச்சி மேளம் இல்லாமல் ஆள் அனுப்பி மூட்டையை எடுத்துப் பெண்பிள்ளைகள் விடுதிக்குக் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த வாரம் தன் மனைவியையும் எங்களோடு அனுப்பினார்.

வியாழன்தோறும் போனோம். எண்ணெய் காயும் நேரத்தில் அக்கா ஜெபத்தை ஒரு வரி சொல்வார்கள், அந்த அம்மாள் கிண்டிக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள். சரியாக வராவிட்டால் வெளியிலிருந்து சங்கரபாண்டி எடுத்துக்கொடுப்பார். கேட்டுக் கேட்டு அவருக்கு முதலில் மனப்பாடமாகியிருந்தது. சாரல் முடிந்து கூட்டம் வடிந்ததும் ஆவுடைத்தாய் அம்மாள் கோயிலுக்கு வந்து பெண்கள் பக்கம் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த வருட அசன விருந்துக்குத் தாளிக்கும் எண்ணெய் முழுவதும் அவர்கள் கொடுத்தது. தம்பிதான் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் போனார்.

அறுபத்துமூன்றில் ஞானப்பூ அக்காவை ராயகிரிக்கு மாற்றிவிட்டார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். கால் வலி உண்டு, ஆனாலும் நடக்கிறார்கள். குற்றாலத்தில் இன்று நான்கு குடும்பம் சபையில் இருக்கிறது. அவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது ஆவுடைத்தாய் அம்மாள். நான் அந்த அம்மாளுக்குத் துணையாகப் போகிறேன். சங்கரபாண்டி ஞானஸ்நானம் வாங்கவில்லை.