மூன்றாவது பெட்டியின் சக்கரம்

தேன்மொழி அக்கா போய்விட்டார். மாரடைப்பு... காலையில் அவர் கணவர் போனில் சொன்னார்.

கம்பைநல்லூரில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் அதியமான்கோட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சட்டைகூட மாற்றவில்லை.

மெட்ரோ ரயில் டிப்போவில் நாங்கள் இருவரும் ஒரே ஷிஃப்ட். சக்கரங்களை அளப்பதுதான் வேலை. வளைவுகளில் தண்டவாளமும் சக்கர விளிம்பும் உரசி உரசி இரண்டுமே தேயும். விளிம்பு ஓர் அளவுக்குக் கீழே மெலிந்துவிட்டால் அந்த ரயில் வெளியே போகக் கூடாது.

ஒரு லீவு நாளில் இருவரும் பயணிகளாகப் போனோம். வளைவில் கிறீச்... எதிரே இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். அக்கா மட்டும் கண்ணை மூடிக் கேட்டார்.

"மூணாவது பொட்டி தம்பி. எடது பக்கம் தேயுது. திங்கக்கெழம பாத்துரலாம்."

திங்கட்கிழமை அந்தப் பெட்டியை அளக்க வேண்டியவன் நான். அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கச் சோம்பல். போன மாத எண்களையே எழுதிவிட்டேன்.

என்னை நம்பி அக்காவும் கையெழுத்துப் போட்டார். பிறகு என்ன தோன்றியதோ, விளிம்பை அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு அவரே இறங்கினார். ரயில் கிளம்ப ஐந்து நிமிடம்கூட இல்லை.

"சார், இத வுட முடியாதுங்க. விளிம்பு தேஞ்சு போச்சுங்க" என்றார் மேலே வந்து அதிகாரியிடம்.

ஆபீஸ் நேரம். ரயில் ரத்து. பிளாட்ஃபாரம் முழுக்கக் கூட்டம். மதியமே விசாரணை.

"இந்தப் பெட்டிய அளந்தது யாரு?" என்றார் அதிகாரி.

அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தாங்க சார்" என்றார் அக்கா.

அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஊருக்கு வரும் பஸ்ஸில் ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினார்.

"உனக்கு வேல இன்னும் நெரந்தரம் ஆவல, அதான். ஆனா நீயே சொல்லுவேன்னு பாத்தேன் தம்பி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டார்.

நான் இன்னும் அந்த டிப்போவில்தான் இருக்கிறேன். வளைவில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்... திரும்ப மாட்டேன்.

இன்று துக்க வீட்டில் அவர் மகள் வந்து பக்கத்தில் நின்றாள். காலேஜ் படிக்கிறாள்.

"மாமா, நீங்க அம்மாகூட வேல செஞ்சவங்கதான? அம்மா எதுக்கு வேலைய வுட்டாங்கன்னு தெரியுங்களா? கேட்டா சொல்லவே மாட்டாங்க."

"தெரியலயே கண்ணு" என்றேன்.

தெரியும் கண்ணு. அந்த எண்களை எழுதியவன் நான். நீ படிப்பாய் என்றுதான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

போய் வாங்க அக்கா.